பாலத்துக்கு அந்தப் பக்கத்து மாத்திரை

"பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க" என்றாள் நர்ஸ் எல்வா, ஊசியைக் கையில் பிடித்தபடி.

அந்த ஆஸ்பத்திரியில் எதற்கெடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஊசி போடவும், ரத்தம் எடுக்கவும், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவும்கூட.

கட்டிலில் கிடந்தவள் பக்கத்து நாற்காலியை ஒருமுறை பார்த்தாள். நெரெய்தா கான்டூ என்றாள். தேதி, மாதம், வருஷம் எல்லாவற்றையும் பிசகாமல் ஒப்பித்தாள்.

"ஐம்பத்திரண்டா! முகத்துல ஒரு சுருக்கம் இல்லையே, செனோரா. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருக்கு. அப்படி என்னதான் சாப்பிடறீங்க? எனக்கும் சொன்னா நானும் சாப்பிடுவேன்ல?"

பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து அப்படியே ஓடிவந்தவள். தலையில் இன்னும் வலைத்தொப்பி இருந்தது.

தங்கையின் கன்னம் சாப்பாட்டில் வந்ததல்ல. மாத்திரையில் வந்தது.

மூட்டெல்லாம் வீங்கி, விரலை மடக்க முடியாமல் போனபோது தொடங்கிய மாத்திரை அது. ஆற்றுக்கு இந்தப் பக்கம், அமெரிக்காவில், இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்கு, பாலத்துக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவின் மருந்துக்கடைதான் டாக்டர். சீட்டு கேட்கமாட்டார்கள். ஸ்டீராய்டு என்று பெயர் சொன்னால் போதும், டப்பாவை எடுத்து வைப்பார்கள்.

முதல் வாரமே விரல்கள் மடங்கின. தங்கை சமையலறையில் ஆடியே காட்டினாள்.

அப்புறம் முகம் நிலாவாக ஊதியது. தோல் வெங்காயச் சருகு போல ஆனது. கதவில் லேசாக இடித்தாலே கை கன்றிப்போகும். மாத்திரையைக் குறைத்தால் எழுந்து நிற்க முடியாது. அதனால் குறைக்கவில்லை. ஏழு வருஷம் ஆயிற்று.

இன்று காலை யார் வீட்டுக் குளியலறையையோ தேய்த்துவிட்டு எழுந்தாள். வழுக்கக்கூட இல்லை. எழுந்தாள், அவ்வளவுதான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

எல்வா கம்ப்யூட்டரைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினாள்.

"போன மாசம் எடுத்த உங்க ஸ்கேன்ல எலும்பு கல்லு மாதிரி இருக்கு. இன்னிக்கு எக்ஸ்ரேல சுண்ணாம்பா உதிர்ந்து கிடக்கு. டாக்டரே முழிக்கிறார். நீங்க தினமும் ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"இல்லை" என்றாள் தங்கை.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக இரண்டு ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஆபரேஷன் அறை தயார்.

கடைசியாக டப்பா வாங்கியபோது மருந்துக்கடைக்காரி அக்காவின் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னது அவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருந்தது. இதை வருஷக்கணக்காகச் சாப்பிட்டவர்களின் உடம்பு, தான் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடும். ஆபரேஷன் என்று வந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் அதற்கென்று மருந்து ஏற்றுவார்கள். சொல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து, மேஜையிலிருந்து ஆள் எழாமலே போகலாம்.

அக்கா வாயைத் திறந்தாள்.

போர்வைக்கு அடியிலிருந்து தங்கையின் கை வந்து அவள் மணிக்கட்டை இறுக்கியது. அந்த நிலையிலும் எத்தனை பலம்.

"வேண்டாம்க்கா. உன் கால்ல விழறேன். சொல்லாதே."

அக்காவுக்குச் சமையலறை நினைவுக்கு வந்தது. பதினாறு வருஷமாகக் கழுவிய பெரிய அண்டாக்கள். நீல நிறத் தட்டோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள். நாளை அங்கே போக முடியுமா?

ஆட்கள் கட்டிலின் சக்கரப் பூட்டை விடுவித்தார்கள்.

"நிறுத்துங்க" என்றாள் அக்கா. "ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறா. ஏழு வருஷமா. ஒரு நாள் விடாம."

தங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எல்வா திரையையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏழு வருஷமாவா? அப்படின்னா போன மாச ஸ்கேன்ல எலும்பு எப்படி..."

"அது என் எலும்பு."

தங்கையின் பிடி தளர்ந்தது. அக்கா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்துல கொடுத்த இன்ஷூரன்ஸ் கார்டும் என்னுதுதான். நெரெய்தா நான்தான்."