மூன்றாவது அண்டா

"ஏய், ஏய்! என்னத்தக் கொட்டுறே அதுல?"

ஆண்டனிராஜ் ஓடி வருவதற்குள் பிரியாணி அண்டாவில் பாதி டப்பா பிளீச்சிங் பவுடர் விழுந்துவிட்டது. மிச்சத்தையும் தட்டிக் கொட்டி, நீளக் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினாள் சண்முகவள்ளி. அந்தக் கல்யாணத்துக்குச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்தவள்.

ஆண்டனிராஜ், பெண்ணுக்குத் தாய்மாமன். கொடைரோட்டிலிருந்து விடியும்போதே வந்துவிட்டவர். கடைசிப் பந்தி முடிந்ததும் மண்டப வாசலில் பாத்திரத்தோடு நின்ற பத்துப் பன்னிரண்டு பேரை அவர்தான் கூப்பிட்டார். "உள்ள வாங்கம்மா, ஒரு அண்டா முழுசா இருக்கு. வயிறாரச் சாப்பிடுங்க."

வந்தவர்கள் அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சாப்பிடுற சோத்துல இதையா போடுவே? நீயெல்லாம் மனுசியா?"

"மிஞ்சுனதைக் குப்பை வண்டிக்குத்தான் குடுக்கணும். ரூல் அப்படி." அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"ரூலா? அந்தா செவுத்துல ஒட்டியிருக்கே, அது என்ன? நல்ல சாப்பாடு மிஞ்சுனா வீணாக்காதீங்க, போன் பண்ணுங்க, வந்து எடுத்துக்கிறோம்னு போட்டிருக்குல்ல?"

அவள் கேட்டை எட்டிப் பார்த்தாள். வண்டியைக் காணோம். மூடி போட்டாள். திரும்பவும் கேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஆண்டனிராஜ் போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தார். "பாருங்கய்யா, ஏழைக்குப் போடச் சொன்னா மருந்தைக் கொட்டுறா! இவளுக்கு எவனும் இனிமே சமையல் குடுக்காதீங்க."

கூட்டத்தில் ஒரு அம்மா தூக்குவாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள், "இல்லேன்னு சொன்னா போயிருப்போமே தாயி. இப்படியா பண்ணுவே?"

சண்முகவள்ளி அந்த அம்மா பக்கம் திரும்பினாள்.

"சாதமும் ரசமும் இருக்கு. செத்த நேரம் உக்காருங்கக்கா, இலை போடச் சொல்றேன்."

"ஒஞ் சோறு ஒண்ணும் வேணாம்."

எல்லோரும் போய்விட்டார்கள்.

சத்தம் கேட்டுப் பெண்ணின் அம்மா புஷ்பமேரி வந்தாள். "என்னக்கா, நல்ல நாளும் அதுவுமா..." என்று மட்டும் சொல்லிவிட்டு, அண்ணனைக் கைபிடித்து அழைத்துப் போனாள்.

ஒருவழியாகக் குப்பை வண்டி வந்தது. பின்னாலேயே ஸ்கூட்டியில் சுகாதார ஆய்வாளர் நஸீரா. வீடியோ அவர் போனுக்கும் வந்திருந்தது.

மூடியைத் திறந்ததுமே முகத்தைச் சுளித்தார். "யாரு போட்டது?"

"நான்தான் மேடம்."

"மக்குற குப்பையில மருந்து கலக்கக் கூடாதுன்னு தெரியாது? இது எருவுக்குப் போறது. நோட்டீஸ் எழுதுனா இந்த மண்டபத்துக்குள்ள உங்களை விடமாட்டாங்க."

"தெரியும் மேடம். அடுத்த மாசம் ரெண்டு கல்யாணம் இங்கதான் ஒத்துக்கிட்டிருக்கேன்."

"விடாதீங்க மேடம்! நல்லா எழுதுங்க!" கதவுப் பக்கம் மறுபடியும் ஆண்டனிராஜ். கையில் போன்.

"நீங்க செத்த அங்கிட்டு இருங்க சார்," என்று அவரை அனுப்பிவிட்டு நஸீரா குரலைத் தாழ்த்தினார்.

"இருபது வருசமா சமைக்கிறவங்க. காரணம் இல்லாம பண்ணமாட்டீங்க. என்னன்னு சொல்லுங்க."

சண்முகவள்ளி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கறி கெட்டுப்போனது மேடம். ஐஸ் இல்லாம, பிளாஸ்டிக் சாக்குல கட்டி, ராத்திரி பூராம் வச்சு எடுத்தாந்திருக்காக. பிரிச்சதுமே வாடை. தூக்கிப் போட்டா பாத்துருவாக. அதான் தனி அண்டாவுல ஆக்கி, பந்திக்கு எடுக்காம மூடியே வச்சிட்டேன். இருந்த ரெண்டு அண்டாவை வச்சு ஒப்பேத்திட்டேன். வாசல்ல இருந்தவகள உள்ள கூப்பிட்டதும் எனக்கு வேற வழி தெரியல. தின்னுட்டு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுதே! உங்களுக்கு எதுக்கு இந்தக் கெட்ட பேரு? யாரு வாங்குன கறி?"

சண்முகவள்ளி மண்டபத்துப் பக்கம் கண்ணைக் காட்டினாள். உள்ளே புஷ்பமேரி, அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்து இனிப்பு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறு வருசம் பேச்சே இல்லாம இருந்துட்டு, இன்னைக்குத்தான் தங்கச்சி வாசலை மிதிச்சிருக்காரு. அவரு கொண்டாந்த தாய்மாமன் சீர் மேடம் அது. எம்பேருலயே எழுதிக்கோங்க."