பாதி காலி

"சிக்ஸ்டன் நம்ம கம்ப்யூட்டரைத் திருடுறான்."

கதவைச் சாத்திவிட்டுத்தான் மார்கரேத்தா இதைச் சொன்னாள். மேலாளர் ஹோக்கன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ்வளவு பெரிய மெஷினைத் தூக்கிட்டா போக முடியும்?"

"மெஷினை இல்ல ஹோக்கன். அதோட நேரத்தை."

அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு இரண்டு கம்ப்யூட்டர் மையங்கள். ஒன்று இங்கே சுண்ட்ஸ்வாலில், இன்னொன்று தெற்கே மால்மோவில். இங்குள்ள மெஷினின் செயலி எவ்வளவு வேலை செய்கிறது, அடுத்த வருடம் தாங்குமா, பெரிதாக வாங்க வேண்டுமா என்றெல்லாம் அளந்து ஸ்டாக்ஹோம் தலைமையகத்துக்கு எழுதுவது மார்கரேத்தாவின் வேலை. புதிதாக வந்தவள். அளவில் ஒரு புள்ளி இடித்தால்கூட அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"செயலி எண்பத்தஞ்சு சதவீதம் ஓடுது, புதுசு வேணும்னு கேக்கப் போனோமே? அதுல பாதி, சிக்ஸ்டன் பேர்ல ஓடுற ஒரே ஒரு புரோகிராம். ஆபீஸ் திறந்ததும் ஆரம்பிக்குது, சாயங்காலம் நிக்குது. நம்ம வாடிக்கையாளர் கணக்கு எதையும் அது தொடவே இல்ல."

"அப்படின்னா மத்த வேலையெல்லாம் தாமதமாகணுமே?"

"அங்கதான் இருக்கு அவன் கெட்டிக்காரத்தனம். வேற வேலை வந்தா அது ஒதுங்கி வழி விட்டுடும். யாருக்கும் சந்தேகமே வராது."

மத்தியானத்துக்குள் காபி அறை முழுக்க இதே பேச்சு.

"வெளிக் கம்பெனிக்குக் கணக்குப் போட்டுக் குடுக்கிறான் போல."

"அதான் கோடை வீட்டுக்குப் புதுக் கூரை போட்டானா!"

"அடுத்து படகு வரும், பாரேன்."

சிக்ஸ்டன் உள்ளே வந்தார். மையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே வேலை பார்ப்பவர். ஒரு இலவங்கப்பட்டை பன்னை எடுத்துக்கொண்டு, யார் பக்கத்திலும் உட்காராமல் தன் மேஜைக்கே போய்விட்டார்.

மறுநாள் விசாரணை. தொழிற்சங்கப் பிரதிநிதியும் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் புரோகிராமை யாருக்காக ஓட்டுற?" என்றார் ஹோக்கன்.

"சொல்ல முடியாது."

"அதுக்காக யாராவது உனக்கு ஏதாவது குடுத்தாங்களா?"

"இல்ல."

"நாங்க நம்பணுமா?"

சிக்ஸ்டன் மார்கரேத்தாவின் பக்கம் திரும்பினார்.

"உன் அறிக்கை இலையுதிர் காலம் முடியுற வரைக்கும் பொறுக்குமா?"

"திருட்டுக்குத் தவணை வேறயா, சிக்ஸ்டன்?"

அவர் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

"வாயே திறக்காதவனுக்காக நான் என்னத்தை வாதாடுறது?" என்று சங்கப் பிரதிநிதி கையை விரித்தார்.

சிக்ஸ்டனுக்கு வேலை போயிற்று. வழக்கு கிழக்கு என்று போகவில்லை. அதனால் அந்தப் புரோகிராமுக்குள் என்னதான் இருக்கிறது என்று யாரும் பிரித்துப் பார்க்கவுமில்லை. மார்கரேத்தா தன் கையாலேயே அதை நிறுத்தினாள். செயலியின் சுமை மளமளவென்று பாதியாக இறங்கியது. புது மெஷின் தேவையில்லை என்று அறிக்கை அனுப்பினாள்.

ஸ்டாக்ஹோமிலிருந்து பாராட்டு வந்தது. கூடவே பச்சை நிற மார்ட்சிபன் பாதாம் விழுது போர்த்திய பெரிய கேக் ஒன்று. "நேர்மைக்கு ஒரு துண்டு பெருசாவே வெட்டுறேன்" என்று ஹோக்கன் அவளுக்குக் கொடுக்க, எல்லோரும் கை தட்டினார்கள்.

கோடை விடுமுறை முடிந்ததும் தலைமையகத்து இயக்குநரே வந்தார். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார்.

"ரெண்டு மையத்துல ஒண்ணு போதுமேன்னு எங்களுக்கு ரொம்ப நாளா யோசனை. ஆனா ரெண்டுமே நிரம்பி வழியுதுன்னு கணக்கு வந்துக்கிட்டிருந்தது, கையைக் கட்டிக்கிட்டு இருந்தோம். இந்த மாசம் முடிவெடுத்தாகணும். நல்லவேளை, மார்கரேத்தாவோட அறிக்கை வந்துச்சு. இந்த மையம் பாதி காலி. மால்மோ இப்பவும் நிரம்பித்தான் ஓடுது. அதனால அங்க உள்ள மெஷினைக் கொஞ்சம் பெருசாக்கி, இங்க உள்ள வேலையையும் அங்க கொண்டுபோயிட்டு, இதை மூடப்போறோம்."

அறுபது பேரும் ஒரே நேரத்தில் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றுதான் மார்கரேத்தா அந்தப் புரோகிராமைத் திறந்து படித்தாள். படித்த கையோடு காரை எடுத்தாள்.

சிக்ஸ்டன் கோடை வீட்டில் ஏணிமேல் நின்று சுவருக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ஒரு கணக்கும் இல்லையே, சிக்ஸ்டன்! ஒண்ணைக் கூட்டுது, அதையே கழிக்குது. திரும்பக் கூட்டுது. இதுக்கா வேலையை விட்ட?"

"மெஷின் சும்மா இல்லைன்னு காட்டணும், அவ்வளவுதான். பாதி காலின்னு தெரிஞ்சா மூடிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க முடிவெடுக்கப்போற இந்த இலையுதிர் காலத்தைத் தாண்டிட்டா போதும்னு இருந்தேன்."

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா உன் அறிக்கையில என்ன எழுதியிருப்ப?"

அவள் ஏணியின் அருகே வந்து, சண்டைக்கு வந்தவள்போலக் கேட்டாள்.

"சரி, நம்மாளுங்களுக்காகத்தான் பொய் சொன்ன. உன் பொய் பலிச்சிருந்தா மால்மோவைத்தானே மூடியிருப்பாங்க? அங்க இருக்கிறவங்க மனுஷங்க இல்லையா?"

சிக்ஸ்டன் தூரிகையைச் சாய டப்பாவில் தோய்த்தார்.

"ரெண்டுமே நிரம்பியிருந்தா எதையும் மூட முடியாதே. மால்மோவுக்கும் அதே புரோகிராமை நான்தான் அனுப்பிவச்சேன். அங்க இப்பவும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. அங்க ஒரு மார்கரேத்தா இல்ல."