ஸ்டேடியத்துக் கொசுறு

“பாய், ப்ளீஸ்! இங்க போய்ப் பேரம் பேசாதீங்க. மானம் போகுது.”

அச்சுதன் கெஞ்சியதை ஜைனுதீன் காதில் வாங்கவே இல்லை.

ஹூஸ்டனுக்கு வெளியே அந்தக் காலேஜின் பழைய அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டேடியத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்ச், கோல் கம்பம், ஸ்கோர் போர்டு என்று பிரித்துப் போட்டு விற்றுக்கொண்டிருந்தான் கான்ட்ராக்டர் க்ளேட்டன்.

அச்சுதன் அங்கே படித்தவர். தான் உட்கார்ந்து கத்திய பெஞ்சில் ஒன்றாவது வீட்டுக்கு வேண்டும் என்று, டிரக் வைத்திருக்கும் ஜைனுதீனை இழுத்து வந்திருந்தார். ஜைனுதீனுக்கு ஹூஸ்டனின் ஹில்கிராஃப்ட் தெருவில் பரோட்டாக் கடை. நின்றபடி தின்றுவிட்டுப் போக வேண்டிய கடை.

“இந்த ஸ்டேடியத்தோட ஹிஸ்டரி பூரா எனக்கு அத்துப்படி பாய்” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அச்சுதன்.

அவர்களுக்கு முன்னால் நின்ற எர்லீன் என்ற வயதான கறுப்பினப் பெண்மணி, பழைய இரும்புக் குவியலைக் காட்டிக் கேட்டார்.

“அந்தக் கம்பி கேட் மட்டும் போதும். முன்வாசல் வெள்ளைக்காரங்களுக்கு. எங்களுக்கு அதுதான் வாசல். எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டு அது வழியாத்தான் வருவார். எங்க சர்ச் தோட்டத்துல நிறுத்தணும். பிள்ளைங்க பார்க்கணும்.”

“ஸாரி மேம். அதை விக்கக் கூடாதுன்னு காலேஜ் ஆர்டர். நாளைக்கு உருக்கப் போயிடும்.”

அச்சுதனுக்கு முகம் சிறுத்தது. அவருக்குத் தெரிந்த ஹிஸ்டரியில் அந்த கேட் இல்லை.

ஜைனுதீனோ, “முடிஞ்சுதா மேம்? கொஞ்சம் தள்ளுங்க” என்று முன்னால் போய் நின்றார். எர்லீன் தளர்ந்த நடையில் வெளியே போனார்.

“பெஞ்ச் மொத்தமும் எனக்கு. என்ன ரேட்?”

க்ளேட்டன் சொன்னான்.

“அடப்பாவி! வளைஞ்சு கிடக்கு. மேல பூராப் பறவை எச்சம். கழுவுற கூலியை உங்கப்பனா குடுப்பான்?”

“சார், இங்க ஃபிக்ஸட் ரேட்.”

“ஸ்டேடியமே இடிஞ்சு விழுந்தாச்சு. உன் ரேட் மட்டும் நிக்குமா?”

டிரக் வரைக்கும் கோபமாகப் போனார். திரும்பி வந்து கத்தினார். மறுபடி போய் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினார். அச்சுதன் யாரோ மாதிரி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

“ஓகே! பாதி விலை! எடுத்துத் தொலை!” என்று கத்தினான் க்ளேட்டன்.

ஜைனுதீன் கை குலுக்கினார். குலுக்கிய கையை விடவில்லை.

“கொசுறு?”

“வாட்?”

“எங்க ஊர்ல காய் வாங்கினா கறிவேப்பிலை சும்மா போடணும். அந்தத் துருப்பிடிச்ச கேட்டைப் போடு.”

“அதை விக்கக் கூடாதுன்னு...”

“விக்கவா சொன்னேன்? கொசுறுக்கு ஏதுய்யா விலை? பில்லுலயும் வராது. முடியாதுன்னா பெஞ்சும் வேணாம். வெயில் ஏறுது, வாங்க வேற ஆளும் இல்ல.”

க்ளேட்டன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். “கொண்டு போ! இனிமே இந்தப் பக்கம் வராதே!”

அச்சுதன் வெடித்தார்.

“வெட்கமா இல்ல பாய்? அந்தம்மா கெஞ்சினதைப் பார்த்துக்கிட்டுதானே நின்னீங்க? அதையும் நீங்களே சுருட்டிட்டீங்களே!”

“அந்தப் பக்கம் தூக்குங்க சார். திட்டு அப்புறம்.”

தூக்கினார்கள். ஜைனுதீன் தன் டிரக்கைத் தாண்டி நடந்தார். பார்க்கிங்கின் கடைசியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருந்த எர்லீனின் பிக்கப் அருகே போய்த்தான் நின்றார்.

“மேம், பின்கதவைத் திறங்க.”

எர்லீன் இறங்கி வந்தார். கம்பியைத் தடவினார். பிறகு, பாயின்ட் விழுந்ததை அறிவிக்கும் மேட்ச் ரெஃப்ரீ மாதிரி இரண்டு கையையும் வானத்துக்கு உயர்த்தினார்.

“டச்டவுன்!”

இடிந்த சுவரில் பட்டு அந்தச் சத்தம் திரும்பி வந்தது. க்ளேட்டன் எட்டிப் பார்த்தான். பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அச்சுதன் ஜைனுதீன் பக்கம் திரும்பினார். “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே பாய்?”

“சொல்லியிருந்தா உங்க முகமே காட்டிக் குடுத்திருக்கும் சார். எது வேணும்னு தெரிஞ்சா எவன் இறங்கி வருவான்?”

“சரி, இத்தனை பெஞ்ச் எதுக்கு? உங்க கடையில உட்காரவே இடம் கிடையாதே!”

“உங்களுக்கு ஒண்ணு. மிச்சம் அந்தம்மா சர்ச்சுக்கு” என்று டிரக்கில் ஏறினார் ஜைனுதீன்.

“நான் வாங்கினது கேட் சார். பெஞ்சுதான் கொசுறு.”