சக்கரத்தடி எலுமிச்சை

மெஸ்ஸில் மோர் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பரிமாறியவரிடம் ஓர் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள் சுகந்தி. விமானப்படை அருங்காட்சியகத்தில் கணவர் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கயிற்றுத் தடுப்புக்கு அடியில் கையை நீட்டி, பழைய போர்விமானத்தின் சக்கரத்தடியில் பழத்தை வைத்தாள்.

மகள் நிவேதா பதறிப்போனாள். திங்கட்கிழமைதான் அவள் முதன்முதலாகத் தனியாகப் போர்விமானம் ஓட்டப்போகிறாள்.

"அம்மா, இது இனிமே பறக்கவே பறக்காதும்மா."

"தெரியும்டி. நீ ஓட்டப்போற விமானத்துக்குக் கிட்ட என்னை விடுவாங்களா?"

நிவேதா காவலாளியைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, பழத்தை டயரோடு ஒட்டினாற்போல் நகர்த்தி வைத்தாள்.