முதல் ஓட்டு

“உங்க பொண்ணால எனக்குத் தலைகுனிவு!”

தலைமையாசிரியர் மேசையைத் தட்டினார். எதிரே நின்ற தையல்காரம்மா, வேலையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தவள். கழுத்தில் இன்ச் டேப் அப்படியே தொங்கியது. பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள். எதைச் சொன்னாலும் “எப்படி?” என்று கேட்பதால் பள்ளியில் அவளுக்கு ‘எப்படி’ என்றே பெயர்.

“அப்படி என்ன சார் பண்ணினா?”

“ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல நான் போட்ட செய்தியைப் பார்த்தீங்கல்ல?”

பார்க்காமல் என்ன? ‘நாளைய உலகின் தலைசிறந்த டிஜிட்டல் பள்ளி விருது! உங்கள் பள்ளி இறுதிச் சுற்றில்! கீழே உள்ள லிங்க்கைத் திறந்து, பாஸ்வேர்டைக் கொடுத்து, இன்றே ஓட்டுப் போடவும்.’

அதற்கடியில் தலைமையாசிரியர் தன் பங்குக்குச் சேர்த்திருந்தார்: ‘முதல் ஓட்டை நான் போட்டுவிட்டேன். எல்லோரும் போட்டுவிட்டுத் தெரிவிக்கவும்.’

அவ்வளவுதான், குரூப் நிரம்பி வழிந்தது. ‘போட்டாச்சு சார்.’ ‘குடும்பத்தோட போட்டாச்சு சார்.’ கணக்கு வாத்தியார் இரண்டு தடவை போட்டாராம். விளையாட்டு வாத்தியார் ‘லிங்க் பிரமாதம்’ என்று பாராட்டே எழுதிவிட்டார்.

தையல்காரம்மாவும் ‘போட்டாச்சு சார்’ என்று போட்டாள். கொஞ்ச நேரத்தில் அதே போனிலிருந்து மகள் தன் பெயரைப் போட்டு எழுதினாள்: ‘சார், எனக்குத் திறக்கவே இல்லை. மத்தவங்க எல்லாரும் எப்படிப் போட்டீங்க?’

அதற்கப்புறம் குரூப்பில் ஒருத்தரும் ‘போட்டாச்சு’ என்று எழுதவில்லை.

“ஊரே போட்டுடுச்சு, இவளுக்கு மட்டும் திறக்கலையாம்! நாலு பேர் முன்னாடி எங்களையெல்லாம் பொய்யராக்கறா!”

அம்மா மகளின் முதுகில் ஒன்று வைத்தாள். “வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? சார்கிட்ட மன்னிப்பு கேளு.”

“கேட்கறேம்மா. ஆனா நிஜமாவே திறக்கலை. நீ எப்படிம்மா போட்டே?”

அம்மா இன்ச் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

“மன்னிப்பெல்லாம் போதாதும்மா. ப்ளஸ் ஒன் வரும்போது கம்ப்யூட்டர் பிரிவுல இவளுக்கு இடம் கிடையாது.”

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பிரிவுக்காகவே விழுந்து விழுந்து படித்தவள், பாவம்.

“சார், நல்லா படிக்கிற பொண்ணு...”

“படிப்பு மட்டும் போதுமா? டிஜிட்டல் யுகத்துக்குத் திறமை வேணும்!”

அவர் தலைக்கு மேல் சுவரில் பெரிய எழுத்தில் இருந்தது: ‘கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. கேள்வி கேள்.’ அவரே எழுத வைத்ததுதான். அதற்கு முதுகைக் காட்டி உட்காருவதால் அவர் கண்ணில் படுவதில்லை.

அப்போது கணினி டீச்சர் கதவைத் திறந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போனைக்கூடப் பார்க்காமல் லீவில் இருந்தவள்.

“சார், ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைக்குக் கேள்வியெல்லாம் லீவு போடறதுக்கு முன்னாடியே உங்க போனுக்கு அனுப்பியிருந்தேனே. பார்த்தீங்களா? நீங்க சரின்னா அச்சுக்குக் கொடுத்துடலாம்.”

“அதைப் பார்க்க எங்கே நேரம்? ஆனா கடைசியா அனுப்பினீங்களே விருதுச் செய்தி, பிரமாதம்! உடனே குரூப்ல போட்டுட்டேன்.”

“விருதா? நானா?”

அவர் பெருமையோடு போனை நீட்டினார். படித்துப் பார்த்த டீச்சர் திரையை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“சார்... இது கடைசிக் கேள்விக்கு நான் எழுதின உதாரணம். ‘கீழே உள்ளது ஏமாற்றுச் செய்தி என்பதை எப்படிக் கண்டுபிடிப்பாய்?’ன்னு இதுக்கு நேர் மேலேயே அனுப்பியிருக்கேனே!”

தலைமையாசிரியர் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்.

“அப்போ... அந்த லிங்க்?”

“சும்மா வாய்க்கு வந்ததை எழுதினேன் சார். அது யாருக்குமே திறக்காது.”

தையல்காரம்மா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

“சார், நான் சொன்னது பொய்தான். நீங்க போட்டுட்டேன்னு சொன்னதும் பயந்துபோய் நானும் போட்டுட்டேன்னு சொல்லிட்டேன்.” பிறகு மகளைப் போலவே கேட்டாள்:

“அந்த முதல் ஓட்டை நீங்க எப்படி சார் போட்டீங்க?”