மேலே தூக்கிய சுவிட்ச்

காய்கறித் தோலை அரைத்துத் தள்ளும் இயந்திரம் ஒன்று அந்த அமெரிக்க வீட்டுச் சமையலறை சிங்க்கின் குழிக்குள் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தபோதே எதையோ கடித்து நின்றுவிட்டது. முத்துவேல் சிங்க்குக்குக் கீழே மல்லாந்து படுத்தான். இயந்திரத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், சுவிட்ச் போட்டிருக்கும்போது அது மறுபடி ஓடும்.

"சுவத்துல சுவிட்சு அணைஞ்சிருக்கா பாரு."

அவனைக் கல்யாணம் செய்துகொண்டு, அன்று காலைதான் கோவில்பட்டியிலிருந்து வந்து சேர்ந்திருந்த வடிவு பார்த்தாள். "அணைஞ்சுதான் இருக்கு."

கட்டைவிரலால் அழுத்தினான். பொத்தான் பாதி உள்ளே போனபோது, இயந்திரத்துக்குள் கண்ணாடி வளையல்கள் உரசும் சத்தம் கேட்டது.

"வடிவு, கை எங்க இருக்கு?"

"உள்ளதான். என் தோடு விழுந்திருக்குங்க. விரல்ல தட்டுப்படுது."

"சுவிட்சு எப்படி இருக்கு?"

"மேல தூக்கித்தான் இருக்கு."

ஊரில் மேலே தூக்கினால் அணையும், கீழே தள்ளினால் ஓடும். இங்கே மேலே தூக்கினால்தான் ஓடும். அதை அவளிடம் அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"கைய எடு."

"வளையல் மாட்டிக்கிச்சு. வரமாட்டேங்குது."

விரலை எடுத்தால் பொத்தான் வெளியே வருமா, உள்ளே போய்ப் பிடித்துக்கொள்ளுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. விரலை அப்படியே வைத்திருந்தான்.

"வடிவு, இன்னொரு கையால சுவிட்சக் கீழ தள்ளு. சீக்கிரம்!"

மேலே வளையல் சத்தம் நின்றது.

"என் கை உள்ள இருக்குன்னு சொன்னேனே" என்றாள் அவள், மிக மெதுவாக.