பனி அள்ளிய இடம்
சிகாகோவில் நேற்று பெய்த பனி இன்றைய வெயிலில் கண்ணைக் கூசவைக்கிறது. வெர்லீனின் சமையலறை மேசையைத் தம்பி ராண்டல் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறான். ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும் வரிச்சலுகைக்காக, மகள் டெஸ்ஸா தன் பராமரிப்பில் வளர்வதாக அக்காவுக்கு முன்பே வருமானவரிக் கணக்கில் காட்டிவிட்ட தெம்பு. "முந்தினவனுக்குத்தான்க்கா." வெர்லீன் சன்னலைக் காட்டுகிறாள். தெருவில் அவள் பனி அள்ளிய இடத்தை, ஊர் வழக்கப்படி அவள் காருக்காக, கை உடைந்த நாற்காலி ஒன்று காத்து நிற்கிறது. "அள்ளினவங்கதான்டா நாற்காலி போடணும். வருஷம் பூரா அவ தூங்கினது எந்த வீட்டுல?" "பெத்தவன் நானு." "அதை நாந்தான் அவளுக்கு அப்பப்ப ஞாபகப்படுத்துறேன்." டெஸ்ஸா காபி ஊற்றுகிறாள். அத்தையின் கோப்பையில் கேட்காமலே இரண்டு கரண்டி சர்க்கரை விழுகிறது. பிறகு விருந்தாளிகளுக்கான பூப்போட்ட கோப்பையோடு திரும்புகிறாள். "அப்பா, நீங்க சர்க்கரை போட்டுக்குவீங்களா?" தட்டிய விரல் நிற்கிறது. "கணக்கைத் திருத்திடறேன்க்கா" என்கிறான் ராண்டல், கோப்பையைப் பார்த்து.